மாமியார் படத்துக்கு மேனேஜர் வைத்த பொட்டு

போன மாதம் ஓர் ஓவியக் கல்லூரியில் என்னைக் கூப்பிட்டு, மேடையில் உட்கார வைத்து, சால்வை போர்த்தி, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஆயுசு முழுக்க மை உருளை பிடித்த கைக்கு மைக் பிடிக்க வரவில்லை. கேள்வி கேளுங்கள், பதில் சொல்கிறேன் என்றேன். முதல் கேள்வியே வினையாக வந்தது. திரையில் ஒரு பழைய கல்லச்சுப் படத்தைக் காட்டி, ஒரு பெண்பிள்ளை கேட்டது: "அங்கிள், இந்த அம்மா நெத்தியில ஒண்ணு, படத்தோட நாலு மூலையில நாலு, பெருசா கறுப்புப் பொட்டு இருக்கே. ஓவியர் எதை நினைச்சு வச்சாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களுடைய பேராசிரியர் எழுந்து, அது பஞ்சபூதம் என்றார். இன்னொருவர், இல்லை, நாலு திசையும் நடுவில் மனித உயிரும் என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் முன்வரிசையில் என் மனைவி புஷ்பம் உட்கார்ந்திருந்தாள். படத்தில் இருப்பது அவளைப் பெற்றவள். வாயைத் திறந்தால் இன்றைக்குச் சோறு கிடையாது என்று கண்ணாலேயே சொன்னாள். சரி, பஞ்சபூதமாகவே இருந்து தொலையட்டும் என்று மேடையை விட்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. "பேசத்தான் கூடாது. எழுதணும்னா எழுதிக்கிடுங்க, படிக்கவன் கம்மிதான்" என்று அனுமதி கொடுத்தாள். எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது தாராவியில் ஒரு காலண்டர் அச்சகத்தில். முருகன், லட்சுமி, பிள்ளையார் எல்லாரையும் ஆயிரம் ஆயிரமாக அடித்துத் தள்ளுவோம். லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு நகர்ந்துவிட்டாலும் கேட்க ஆள் கிடையாது. கீழே கடையின் பெயர் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அறுபதுகளின் நடுவில் முதலாளி கல்லில் அச்சடிப்பதை விட்டுத் தகட்டுக்கு மாறினார். பழைய கற்களை மாட்டுங்காவில் ஒரு ஸ்டுடியோ வாங்கியது. கல்லோடு கல்லாக நானும் போய்ச் சேர்ந்தேன்.

ஒரு பார்சி அம்மாள் நடத்திய ஸ்டுடியோ அது. மாடியில் ஓர் அறை. வெளியூர் ஓவியர் யாராவது வந்து சில வாரம் தங்கி, மெழுகு பென்சிலால் கல்லின் மேல் வரைவார். கீழே நான் அதை அச்சடிப்பேன். மொத்தம் இருபது பிரதி. ஒவ்வொன்றின் அடியிலும் இருபதில் இது எத்தனையாவது என்று எழுதி ஓவியர் கையெழுத்துப் போடுவார். அதோடு சரி. கல்லின் மேல் மணலைத் தூவி, தண்ணீர் விட்டு, இன்னொரு கல்லை வைத்து மாவரைப்பதுபோல் சுற்றிச் சுற்றித் தேய்த்து, படத்தை அழித்துவிட வேண்டும். இருபத்தொன்றாவது பிரதி இந்தப் பூமியிலேயே இருக்கக் கூடாது. அச்சடித்தவனுக்கு என்று மட்டும் ஒரு பிரதி உண்டு. அது கணக்கில் சேராது.

இந்தச் சட்டத்தைக் காவல் காத்தவர் மேனேஜர் கல்யாணராமன் சார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, வெயிலோ மழையோ கையில் குடை. மை இருக்கிற எதையும் தொட மாட்டார். நான் அடித்த தாளை இரண்டு விரலால் மூலையில் பிடித்து, ஜன்னலோரம் கொண்டுபோய், தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பார். பிறகு "ம்" என்பார். சின்ன ம் என்றால் பாஸ். நீளமான ம்ம்ம் என்றால் பெயில். ஒன்றும் சொல்லாமல் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தால், தாளை நாலாகக் கிழித்துவிட வேண்டியதுதான். எனக்கு முதல் மூன்று மாதம் அவருக்கு ஓயாத ஜலதோஷம் என்றுதான் நினைப்பு.

ஸ்டுடியோவுக்குக் காலையில் இட்லி கொண்டுவருகிறவள் இசக்கியம்மாள். தாராவியில் எங்கள் பக்கத்துச் சந்து. எனக்குத் தூரத்து உறவில் அத்தை முறை. இடுப்பில் கூடையை இடுக்கிக்கொண்டு அவள் நடந்து வந்தால் பஸ்காரனே ஒதுங்கிப் போவான். அவள் மகள் புஷ்பத்தை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. மாமாவுக்குத் தோல் மண்டியில் வேலை, அவர் தலையாட்டிவிட்டார். அத்தைக்குத்தான் என் உத்தியோகம் பிடிபடவில்லை.

"ஏல முத்து, காலண்டர் ஆபீஸ்ல இருந்தப்ப லெச்சக்கணக்குல அடிச்ச. இப்ப இருவது அடிச்சிட்டு அழிச்சிருதேங்க. சட்டி நெறைய மாவ வச்சிக்கிட்டு எவனாவது இருவது இட்லியோட அடுப்ப அணைப்பானால?"

"கொஞ்சமா இருந்தாத்தான் அத்தை மதிப்பு."

"அப்ப நானும் நாளைலேருந்து நாலு இட்லி சுடுதேன். நீ வந்து மதிச்சிட்டுப் போ."

எப்படியோ, தை மாதம் கல்யாணம் என்று வாய்வார்த்தையாக முடிவாகியிருந்தது. அந்த வருஷம் புரட்டாசியில் கல்கத்தாவிலிருந்து மித்ரா பாபு என்ற ஓவியர் வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர். ஆனால் ஊரில் துர்கா பூஜை நடக்கிற நேரத்தில் இங்கே வந்து மாட்டிக்கொண்டோமே என்று சாப்பாட்டில்கூடக் கண் கலங்குவார். இட்லிக்கூடையோடு அத்தை வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்தவர், "நில்லுங்க, நில்லுங்க" என்று நிற்கவைத்து, கல்லில் வரைந்துவிட்டார். அப்படியே உரித்து வைத்தாற்போல இருந்தது. அத்தைக்கு உள்ளூரப் பெருமைதான். வெளியே, "சட்னி புளிச்சிரும், சீக்கிரம் முடிக்கச் சொல்லு" என்றாள்.

வரைந்து முடித்ததும் கல்லின் மேல் கோந்தும் அமிலமும் கலந்து பூச வேண்டும். பூசிவிட்டால் வரைந்த கோடு மட்டும் மை பிடிக்கும், மற்ற இடம் பிடிக்காது. பூசுவதற்கு முன்னால் கல் பச்சைப்பிள்ளை மாதிரி. எண்ணெய் விரல் பட்டால்கூட உள்ளே குடித்துவிடும், பிறகு அந்த இடமும் மை பிடிக்கும். மித்ரா பாபு வரைந்து முடித்தது ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம். மறுநாள் ஆயுதம் எதையும் எடுக்கக் கூடாது. அதனால் கல்லை அப்படியே விட்டு, மேலே படாமல் பலகை வைத்து மூடினேன்.

கல்யாணராமன் சார் வருஷத்தில் ஒருநாள் மட்டும் எல்லாவற்றையும் தொடுவார். அது ஆயுத பூஜை. சட்டையைக் கழற்றிவிட்டு, தானே நல்லெண்ணெய் ஊற்றி, தானே திரி போட்டு விளக்கேற்றி, பிரஸ், உருளை, கத்தி, மணல் டப்பா என்று ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைப்பார். இரும்பில் குங்குமம் நிற்காது என்று விரலை விளக்கில் இருந்த நல்லெண்ணெயில் தொட்டு, பிறகு குங்குமத்தில் தொட்டு வைப்பது அவர் வழக்கம். "ஒண்ணையும் விட்டுடப்படாது முத்து. விட்டா அதுக்கு மனசு நோகும்" என்பார். நான் பொரி வாங்கக் கடைக்குப் போன நேரத்தில், பலகைக்கு அடியில் கிடந்த கல்லின் மனசு நோகக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

பூஜைக்கு மறுநாள் காலை பலகையைத் தூக்கினேன். பகீரென்றது. கல்லின் நாலு மூலையிலும் செக்கச்செவேல் என்று பொட்டு. நடுவில் அத்தையின் நெற்றியில், பாபு வரைந்திருந்த சின்னப் பொட்டை மூடிக்கொண்டு, நாலணா அகலத்துக்கு இன்னொன்று.

"சார், இது என்ன சார்?"

"பட்டும் படாமலும்தாம்ப்பா வெச்சேன். முகம்னு ஒண்ணு இருக்கறச்சே நெத்திய விட்டுட்டு வேற எங்க வைக்கறது?"

துணியால் துடைத்தேன். குங்குமம் வந்துவிட்டது. கல் சுத்தமாக இருந்தது. தப்பித்தோம் என்று நினைத்து அமிலம் பூசி, கழுவி, ஈரம் ஒற்றி, மை உருளையை உருட்டினேன். முதலில் கூடை எழுந்தது. அப்புறம் சேலை மடிப்பு, மூக்குத்தி, கண். மூன்றாவது உருட்டில் நெற்றியில் ஏதோ புகைந்தது. ஐந்தாவது உருட்டில் ஐந்து பொட்டும் கறுகறுவென்று எழுந்து வந்து என்னைப் பார்த்தன. அடித்த தாளைச் சார் ஜன்னலோரம் கொண்டுபோனார். ம் சொல்லவில்லை. மூக்கையும் துடைக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, மழையே இல்லாத மும்பைக்குள் சற்று நடந்துவிட்டு வந்தார்.

கல்லைச் சுரண்டிப் பொட்டை எடுத்துவிடலாம். ஆனால் அதற்குள் மித்ரா பாபு இறங்கி வந்துவிட்டார். என்ன இது என்று கேட்டார். பூஜைப் பொட்டு என்று சொன்னதுதான் தாமதம், தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நான் துர்கா மாவைத் தேடிப் போக முடியல. மா என்னைத் தேடி வந்துட்டா" என்று அவருடைய இந்தியில் சொல்லி அழுதார். அழுதுகொண்டே, 'இதுபோலவே அடிக்கவும்' என்று அந்தத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அப்படி ஓவியர் எழுதிவிட்டால் முடிந்தது. பிறகு ஒரு புள்ளி கூடக் கூடாது, குறையவும் கூடாது.

அடித்த தாள்களைக் கயிற்றில் கிளிப் மாட்டிக் காயப் போட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அத்தை இட்லிக்கூடையோடு உள்ளே வந்தாள். நின்றாள். கயிறு நெடுக அவளே தொங்கிக்கொண்டிருந்தாள்.

தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நெற்றியில் ஒரு பொட்டு, சட்டத்தின் நாலு மூலைக்கும் நாலு பொட்டு என்றால் அது யாருடைய படம் என்று ஐந்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும்.

"அட பாவி! குத்துக்கல்லு மாதிரி நிக்கேன், எனக்குப் பொட்டு வச்சுட்டியால! மாலைய எங்க? ஊதுவத்திய எங்க? மாலையும் வாங்கிப் போட்டுர வேண்டியதுதான!"

"அத்தை, அது வந்து..."

"பேசாத! இருவது எழவு வீட்டுக்கு ஆவுற மாதிரி தொங்க விட்டுருக்கான! பொண்ணு கட்டுததுக்கு முன்னாடியே மாமியாள அனுப்பிட்டான, கட்டுன பொறவு என்ன செய்வான்!"

தாராவியில் எங்கள் சந்தின் எல்லா மிஷினுக்கும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பது நான்தான். அதனால் இதையும் நான்தான் வைத்தேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். சாரைப் பார்த்தேன். அவர் தன் குடைக்கம்பிகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். சோறு போடுகிற மனுஷரைக் காட்டிக்கொடுக்க எனக்கு நாக்கு எழவில்லை. அத்தை கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கூடவே என் கல்யாணமும் போய்விட்டது.

சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். கல்லில் வரைந்தது தாளில் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறித்தான் விழும். பாபு அதை மறந்து, பார்த்தபடியே வரைந்திருந்தார். அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை.

"அத்தை, அது நீங்களே இல்ல. உங்களுக்கு மூக்குத்தி வலப்பக்கம். படத்துல இடப்பக்கம் இருக்கு, பாக்கலையா?"

"நான் தெனம் கண்ணாடி பாத்துத்தாம்ல தலை சீவுதேன். கண்ணாடியில இந்தப் பக்கந்தான் இருக்கு. ஊருல எல்லாருக்கும் வேணும்னா அது மாறித் தெரியும். எனக்கு நான்தான்."

கதவுக்குப் பின்னாலிருந்து புஷ்பத்தின் குரல் மட்டும் வந்தது. "நெத்தியில வச்சதுகூடப் போகட்டும். மூலைக்கு மூலை எதுக்கு வச்சிய?" அவளும் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. அவள் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் உருளையைக் கையில் எடுக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சார் எனக்கு எதிரில் வந்து நின்றார். "இட்லி வரலையேன்னு நெனச்சேன். கல்யாணமும் நின்னுடுத்தா?" என்றார். ஆமாம் என்றேன். வெகுநேரம் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். பிறகு, "வாப்பா, போலாம்" என்றார்.

மாட்டுங்காவிலிருந்து தாராவி கூப்பிடு தூரம்தான். ஆனாலும் சார் அங்கே காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. சாக்கடைக்குச் சாக்கடை குடையை ஊன்றித் தாண்டித் தாண்டி வந்தார். சந்தே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அத்தை என்மேல் இருந்த கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கலர் சோடா வாங்கிவரச் சொன்னாள். சார் கலரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எழுந்து நின்று சொன்னார்:

"இசக்கியம்மா, பொட்டு வெச்சது இவன் இல்ல. நான்தான்."

அத்தை என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நீங்களா சாமி? உங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்? கெட்டிச் சட்னிகூட உங்களுக்குன்னு தனியால்லா வைப்பேன்?"

"பூஜைக்குன்னு வெச்சது. தப்பா ஆயிடுத்து. ஆனா ஒண்ணு, எங்காத்துல அம்மா சொல்லுவா. உயிரோட இருக்கறவாளப் போயிட்டான்னு யாராவது தப்பா சொல்லிட்டா, ஆயுசு விருத்தியாகுமாம்."

"அது எங்க ஊருலயும் சொல்லுவாவ" என்று அத்தை மெல்ல உட்கார்ந்தாள். முகத்தில் கணக்கு ஓடியது. "ஒருக்க சொன்னாலே கூடுமா சாமி?"

"கூடும்."

"அப்ப இருவது படத்துக்கு?"

சாருக்குப் பொய் வராது. நெற்றி வியர்த்தது. "எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. குறையாது."

"அப்ப ஏன் இருவதோட நிறுத்துதிய? ஒரு நூறு அடிச்சிருங்க."

என் வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. நூறு என்ன, ஆயிரம் அடித்துத் தருகிறேன், காலண்டர்காரன் கை இது! ஆனால் சாரின் முகம் கல்லாகிவிட்டது.

"அது மட்டும் கேக்கப்படாது. இருவதுன்னு சொல்லியாச்சு."

"அம்பது?"

"முடியாதும்மா."

"இருவத்தஞ்சு. கறிவேப்பில கொசுறு மாதிரி அஞ்சு. ஆயுசு வெசயத்துல கஞ்சத்தனம் பாக்கலாமா சாமி?"

"இருவதுன்னா இருவது."

நான் அவர் குடையின் நுனியைப் பிடித்து இழுத்தேன். "சார், என் வாழ்க்கை சார்." அவர் என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னார்: "முத்து, உனக்காகத் தாராவிக்கு வந்தேன், கலர் குடிச்சேன். இருவத்தொண்ணு மட்டும் என்னால ஆகாது." மனுஷர் பொட்டு வைத்த தப்புக்காக அத்தையின் காலில்கூட விழுந்திருப்பார். கூடுதலாக ஒரு தாள் கொடுக்க மாட்டார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து புஷ்பம் பேசினாள். நான் முன்பு பெருமைக்காக அளந்ததையெல்லாம் அவள் ஞாபகம் வைத்திருந்தாள். "அச்சடிக்கவுகளுக்குன்னு ஒண்ணு உண்டும்லா? கணக்குல வராததுன்னு சொன்னியளே. அத அம்மைக்குக் குடுத்தா என்ன?"

எல்லாரும் சாரைப் பார்த்தோம். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். யோசித்தார். "ம்" என்றார். சின்ன ம். என் வாழ்க்கையில் நான் கேட்ட ம்களிலேயே ஆக இனிமையானது அதுதான்.

அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "நான் இருக்க வரைக்கும் அது சுவரேறப்படாது. பெட்டிக்குள்ள கவுந்து கெடக்கட்டும்."

கல்லைத் தேய்க்கிற நாளன்று பார்க்க வேண்டும் என்று அவளே வந்து நின்றாள். மணல் தூவித் தேய்த்தேன். கூடை போயிற்று, சேலை போயிற்று, கண்ணும் மூக்குத்தியும் போயின. மூலைப் பொட்டுகளும் போயின. நெற்றிப் பொட்டு மட்டும் போகவில்லை. சாரின் எண்ணெய் அங்கே ஆழமாக இறங்கியிருந்தது. வெறும் கல்லில் அது மட்டும் தனியாக நின்றது. இன்னொரு சண்டை வரும் என்று அவசரமாக மணல் டப்பாவைத் தேடினேன். அத்தை குனிந்து அதை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியளா சாமி, ஆளு போனாலும் பொட்டு போவல! நான் சுமங்கலியாத்தான் போவேன்." இரண்டாம் முறை மணல் போட்டுத் தேய்த்த பிறகுதான் அது போனது. தை மாதம் கல்யாணம் நடந்தது. சார் வந்திருந்தார். பந்தியில் அவர் இலைக்கு மட்டும் கெட்டிச் சட்னி தனியாக வந்தது.

பலித்தது பாதிதான். ஆயுசு பலித்தது. அத்தை மித்ரா பாபுவை அனுப்பினாள், கல்யாணராமன் சாரை அனுப்பினாள், ஸ்டுடியோ இருந்த கட்டடத்தையே அனுப்பினாள். காய்ச்சல் வந்து படுத்தாலும், "என் படம் எவன் எவன் வீட்டுலயோ தொங்குது, அது பாத்துக்கிடும்" என்பாள். ஆனால் மாமா முந்திக்கொண்டுவிட்டார். அன்றைக்கு மற்ற பெண்கள் சுற்றி நின்று அவள் நெற்றிப் பொட்டை அழித்தபோது அவள் அழவில்லை, என்னைத்தான் ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் கல்லை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வெகுகாலம் வெறும் நெற்றியோடு, செம்பூரில் எங்கள் வீட்டில், எங்களை அதட்டிக்கொண்டு இருந்தாள்.

அவள் போனபோது மாட்டுவதற்கு ஒரு போட்டோ கிடையாது. "ஒருக்க படத்துக்கு நின்னு பட்டது போதும்" என்று கேமராவுக்கு முகம் காட்டாமலே இருந்துவிட்டாள். புஷ்பம் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் கவிழ்ந்து கிடந்ததை எடுத்தாள். இடுப்பில் கூடை, இடப்பக்கம் மூக்குத்தி, நெற்றியில் நாலணா அகலப் பொட்டு. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு முன்னால் ஊரிலிருந்து வந்திருந்த சித்தி ஒருத்தி பார்த்துவிட்டாள்.

"தாலி எறங்குனவளுக்குப் பொட்டு எதுக்குட்டீ? தொடச்சிட்டுத் திருநீறு வை" என்று சேலைத் தலைப்பை நனைத்து நெற்றியில் வைத்துத் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். தலைப்பைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"விடுங்க சித்தி, போவாது" என்று புஷ்பம் படத்தை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். "அது கல்லுலயே லேசுல போவல." பிறகு என் பக்கம் திரும்பினாள். அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். "குங்குமம் வேண்டாம். மால மட்டும் வாங்கிட்டு வாங்க."

வாங்கி வந்தேன்.